திரும்பும் ரயிலில் இருந்து தொடங்குங்கள்

இந்தியாவில் வாங்கிய லைசன்ஸை வைத்துக்கொண்டு பிரிட்டனில் பன்னிரண்டு மாதம்தான் வண்டி ஓட்டலாம். அதற்குள் இங்கத்தியத் தேர்வில் தேறிவிட வேண்டும். இல்லையென்றால் மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவே பறந்து பழகியவனும் இங்கே 'எல்' பலகை மாட்டிக்கொண்டு பழகுநர்தான். தேர்வுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் இழுக்கும். லண்டனில் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறோம். ஆபீஸுக்கு ரயில், ஈஸ்ட் ஹாம் போய்க் காய்கறி வாங்க ரயில், கோயிலுக்குப் பேருந்து. கார் இல்லாதது ஒரு குறையாகவே தெரியாது, வாட்ஸாப் குழுவில் யாராவது "இந்த சம்மர்ல கேம்பிங் போலாமா?" என்று கேட்கும் வரைக்கும். உடனே வரும் முதல் பதில், "யார்கிட்டடா கார் இருக்கு?" அதோடு அந்தப் பேச்சு அடங்கிவிடும். அடுத்த செய்தி யாருடைய பிறந்தநாளுக்காவது வாழ்த்தாக இருக்கும்.

கார் வைத்திருப்பவர் மலைக்குப் போனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அடிவாரத்தில் வண்டியை நிறுத்துகிறார், நடக்கிறார். எத்தனை அழகான பள்ளத்தாக்கு முன்னால் திறந்தாலும் சாயங்காலம் அந்த வண்டியிடமே திரும்பியாக வேண்டும். முளைக்குச்சியில் கட்டிய மாடு கயிற்றின் நீளத்துக்கு மேய்வது மாதிரி, அவர் நடையெல்லாம் ஒரு வட்டம்தான். ரயிலில் போகிறவனுக்குக் கயிறு கிடையாது. ஒரு ஸ்டேஷனில் இறங்கி, மலையைக் குறுக்காகக் கடந்து, வேறொரு ஸ்டேஷனில் ஏறிக்கொள்ளலாம். முதுகில் பையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள், நாலு நாள் என்று நடக்க நினைப்பவருக்குக் கார் உதவியைவிட உபத்திரவம்தான் அதிகம் என்பது என் கட்சி. எல்லா ஊருக்கும் இது பொருந்தாது என்பதும் தெரியும். பொருந்தும் ஊர் ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் கிளம்பி ஃபோர்ட் வில்லியம் வரை போகும் வெஸ்ட் ஹைலேண்ட் ரயில்பாதை 1894இல் திறக்கப்பட்டது. 1901இல் அதைக் கடலோர மாலெய்க் வரை நீட்டினார்கள். நடுவில் ரானக் மூர் என்று ஒரு பெரிய சதுப்பு வெளி வருகிறது. தண்டவாளம் போட்டபோது அந்தச் சதுப்பில் கெட்டித் தரை கிடைக்கவில்லை. மரவேர்களையும் புதர்க்கட்டுகளையும் பரப்பி, அதன்மேல் ஆயிரக்கணக்கான டன் மண்ணும் சாம்பலும் கொட்டி, அந்த மெத்தைமேல் பாதையை மிதக்க விட்டார்கள். இன்றைக்கும் ரயில் அதன்மேல்தான் ஓடுகிறது. அந்த வெளியின் வடக்கு ஓரத்தில் கொராவர் என்ற ஸ்டேஷன். உயரம் 408 மீட்டர். பிரிட்டனின் பிரதான ரயில்பாதைகளில் இதைவிட உயரத்தில் வேறு ஸ்டேஷன் இல்லை. அந்தப் பகுதியின் எஸ்டேட்டுக்கு மான் வேட்டையாட வரும் விருந்தாளிகளுக்காக ஆரம்பத்தில் கட்டியது. பொதுச் சாலை எதுவும் அங்கே போவதில்லை. காரில் வருகிறவர் வேறெங்காவது வண்டியை நிறுத்திவிட்டு நம்மோடு ரயிலில்தான் வந்து இறங்க வேண்டும்.

லண்டனில் இருந்து இந்த கொராவருக்கு ஒரே ரயில் இருக்கிறது. கலிடோனியன் ஸ்லீப்பர். இரவு ஒன்பது மணியை ஒட்டி யூஸ்டனில் கிளம்பும். எடின்பரோவில் ரயில் மூன்றாகப் பிரிந்து ஒரு துண்டு அபர்தீனுக்கும், ஒரு துண்டு இன்வர்னஸுக்கும், ஒரு துண்டு ஃபோர்ட் வில்லியமுக்கும் போகும். படுக்கை அறை எடுத்தால் காசு கரையும். உட்காரும் இருக்கை எடுத்தால் மலிவு, ஆனால் விடியும் முன் எடின்பரோவில் எழுப்பிப் பெட்டி மாற்றச் சொல்வார்கள். தாம்பரத்தில் இறங்க வேண்டியவன் விழுப்புரத்திலேயே விழித்து உட்கார்ந்து பழகிய நமக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. காலை ஒன்பது மணி வாக்கில் கொராவர், பத்து மணி வாக்கில் ஃபோர்ட் வில்லியம்.

சனிக்கிழமை இரவு மட்டும் இந்த ரயில் கிடையாது. வார விடுமுறையில் போக நினைப்பவருக்கு இது இடைஞ்சல் போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. வெள்ளி இரவு ஏறி, சனி காலை கொராவரில் இறங்கி, அன்று பாதி தூரம் நடந்து டென்ட் போட்டு, ஞாயிறு மீதியை நடந்து ஃபோர்ட் வில்லியம் சேர்ந்து, அன்று மாலையே ஸ்லீப்பர் ஏறினால் திங்கள் காலை யூஸ்டன். ஒரு நாள் கூட லீவு போட வேண்டியதில்லை. திங்கட்கிழமை ஸ்டாண்ட்அப் மீட்டிங்கில் புகை வாசனையோடு உட்கார்ந்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

முதன்முதலாக இப்படிக் கிளம்புபவர்கள் வரைபடத்தை விரித்து, பிடித்த மலையைப் பார்த்து, எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து, கடைசியில் ரயில் நேரம் தேடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்வேன். ஞாயிறு மாலை ஃபோர்ட் வில்லியமில் ரயில் கிளம்பும் நேரம் ஏழு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஒவ்வொரு தடவையும் அட்டவணையைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நேரம் தனி). ஐந்து மணிக்கு ஊருக்குள் இருக்க வேண்டும். ஒரு மீன் வறுவலாவது சாப்பிட வேண்டாமா? ஊருக்கு முன்னால் க்ளென் நெவிஸ் பள்ளத்தாக்கின் தார்ச்சாலை பத்து கிலோமீட்டர் இருக்கிறது. ஆகவே மலைப்பாதை முடிந்து சாலை தொடங்கும் இடத்தை இரண்டரை மணிக்குத் தொட வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி நாலைந்து மணி நேரத் தொலைவுக்குள் சனி இரவு டென்ட் இருக்க வேண்டும். இப்போது வரைபடத்தை விரித்தால் டென்ட் போட வேண்டிய இடம் தானாகவே விரல் நுனியில் வந்து நிற்கும்.

நடை வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்னது. மணிக்கு மூன்று மைல், ஒவ்வொரு இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நம் ஊர் அளவில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. அவர் சொன்னது தேறிய கால்களுக்கு. முதுகில் பன்னிரண்டு கிலோ, காலடியில் சதுப்பு, நடுநடுவே போட்டோ எடுக்கும் நண்பன் என்றால் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நான் போடுவதில்லை. ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாள்தான் என்ற பயம் இருக்கிறதே, அது நல்ல பயம். கார்க்காரர் "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம்" என்று இருட்டும் வரை போவார். நாம் போக மாட்டோம்.

சரி, மூட்டைக்கு வருவோம். கார் இருந்தால் டிக்கியில் மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, இரண்டு பர்னர் அடுப்பு, பிரியாணி அண்டா வரைக்கும் ஏற்றலாம். இல்லாதவன் தலையணையை எடுப்பதா வேண்டாமா என்பதற்கே அரை மணி நேரம் யோசிக்கிறான். டென்ட் ஒன்றரை கிலோவுக்குள் கிடைக்கிறது. இரண்டு பேர் போனால் துணியை ஒருவரும் கம்பியையும் ஆணிகளையும் இன்னொருவரும் சுமக்கலாம். ஸ்லீப்பிங் பேக், அடியில் போடும் காற்றுப்பாய், மழைக்கோட்டு, மாற்று உடை ஒரு ஜோடி. உறங்கும்போது போடும் காலுறையை நடக்கும்போது போடவே கூடாது, அது நனையாமல் இருந்தால்தான் இரவு இரவாக இருக்கும். மழை உறையை நம்பாதீர்கள். பைக்குள்ளேயே தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள். ஸ்காட்லாந்து மழை மேலிருந்து மட்டும் வராது.

ஊரில் இருந்து நேராக விமானத்தில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேஸ் டப்பாவைக் கையில் கொண்டுபோகும் பையிலும் போடக் கூடாது, சரக்குப் பெட்டியிலும் போடக் கூடாது. அடுப்பை மட்டும் கழுவி எடுத்து வாருங்கள். மறை உள்ள டப்பாக்களை லண்டனிலோ கிளாஸ்கோவிலோ மலையேற்றச் சாமான் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். இருப்பதிலேயே சின்ன நூறு கிராம் டப்பா, வெந்நீர் வைக்க மட்டும் என்றால், இரண்டு பேருக்கு ஒரு வாரக்கடைசிக்குத் தாராளம்.

வெந்நீர் மட்டும் என்பதில்தான் சமையலின் சூட்சுமமே இருக்கிறது. இங்கே கடைகளில் மலையேறிகளுக்கென்று உலர்த்திய சாப்பாடு பொட்டலமாக விற்கிறார்கள். ஒரு பொட்டலத்தின் விலையில் சரவண பவனில் வயிறு முட்டச் சாப்பிடலாம்; ருசியோ, வேண்டாம், ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. நமக்கு அவல் இருக்கும்போது அந்தக் கவலை எதற்கு? கெட்டி அவல் அடுப்பில் வேக வேண்டாம், ஊறினால் போதும். வியாழன் இரவு வீட்டில் வாணலியை வைத்து அவலைச் சுடச்சுட வறுத்து எடுத்துக்கொள்வேன். பிறகு நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை, கிள்ளிய மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் தாளித்து, கறிவேப்பிலை கையில் நொறுங்கும் அளவுக்கு முறுக விட்டு, பெருங்காயம் தூவி அவலோடு கலந்துவிடுவேன். ஆறியதும் ஒரு வேளைக்கு ஒரு ஜிப் பை. புளிக்காய்ச்சலைத் தனியாகச் சின்ன டப்பாவில். மலையில் வெந்நீரை அந்த ஜிப் பைக்குள்ளேயே ஊற்றி, வாயை மூடி, கம்பளித் தொப்பிக்குள் வைத்துப் பத்து நிமிடம் விட்டால் புளி அவல். பையில் ஓட்டை விழுந்தால் தொப்பி புளியோதரை ஆகிவிடும் என்பதால் நல்ல தடிமனான பையாக வாங்குங்கள், சூடு தாங்குமா என்று அட்டையைப் பார்த்தும் வாங்குங்கள்.

எடையும் சக்தியும் பார்த்தாலும் நம் சாமான்கள் சளைத்தவை இல்லை. அவல் நூறு கிராமில் முந்நூற்று ஐம்பது கலோரி, வேர்க்கடலையில் அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், எண்ணெயில் தொள்ளாயிரத்துக்கு அருகில். ஆகவே கடலைமிட்டாயும், எண்ணெய் விட்டுக் குழைத்த இட்லிப் பொடியும் பாரத்துக்கேற்ற பலன் தருகிறவை. துவரம்பருப்பு வேண்டவே வேண்டாம், குக்கர் இல்லாமல் கேஸைத்தான் தின்னும். பருப்புப் பொடி எடுத்துப் போங்கள். காபி விஷயத்தில் மட்டும் சமரசம் செய்துகொண்டுதான் ஆக வேண்டும். டிகாக்ஷனை பாட்டிலில் கொண்டுபோகும் ஆசாமி ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு, அவரைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம்.

அவல் வாங்கப் போன இடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன தம்பி, இவ்வளவு அவல்? வீட்டில ஏதும் விசேஷமோ?"

"இல்லண்ணே, ஸ்காட்லாந்து போறோம். மலையில டென்ட் போட்டுத் தங்கப் போறோம்."

"காசு குடுத்துக் குளிருக்குள்ள படுக்கப் போறீரோ?" என்று சிரித்தவர், பில் போடும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அது சரி, யாற்ர காணிக்குள்ள படுக்கப் போறீர்? அவையிட்டக் கேட்டனீரோ?"

சரியான கேள்வி. இங்கிலாந்து என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் மலையில் டென்ட் போட முடியாது. டார்ட்மூர் பொதுமேய்ச்சல் நிலம் ஒன்றுதான் விதிவிலக்கு. அந்த உரிமையையும் எதிர்த்து நிலக்காரர்கள் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம்தான் மக்கள் பக்கம் தீர்ப்பானது. ஸ்காட்லாந்தில் கதையே வேறு. 2003இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலம் யாருடையது என்றாலும் பொறுப்போடு நடந்துகொள்கிறவர் அதில் நடக்கலாம், சைக்கிளில் போகலாம், இரவு டென்ட் போட்டுத் தங்கலாம் என்கிறது. வீட்டுத் தோட்டத்துக்குள்ளும் பயிர் நிற்கும் வயலிலும் போகக் கூடாது. சின்னக் கூட்டமாக, ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மிகாமல், வந்த சுவடு தெரியாமல் கிளம்ப வேண்டும் என்று அதன் கூடவே ஒரு நடத்தை விதித்தொகுப்பும் உண்டு.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. மோட்டார் வண்டியில் வருகிறவருக்கு வண்டியோடு சேர்த்து இந்த உரிமை கிடையாது. வண்டியைக் காட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போவதும், சாலையோரம் கேம்பர்வேனை நிறுத்தி உள்ளேயே உறங்குவதும் இதில் அடங்காது. காலால் வருகிறவனுக்கும், சைக்கிளில், குதிரையில், துடுப்புப் படகில் வருகிறவனுக்கும்தான் ஒரு நாட்டின் மலைகளை எல்லாம் திறந்து விட்டிருக்கிறார்கள். கார் இல்லாததைக் குறையாக நினைத்து வாட்ஸாப்பில் வாய்மூடி இருந்தவர்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

ஒரே ஒரு தடை. லோமண்ட் ஏரியும் அதைச் சுற்றிய ட்ரோசக்ஸ் பகுதியும் தேசியப் பூங்கா. அங்கே சில கரையோரங்களில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை பெர்மிட் இல்லாமல் டென்ட் போடக் கூடாது. கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் இருப்பதால் குடித்துவிட்டுக் குப்பை போடும் கூட்டம் அதிகமாகிவிட்டது என்று வந்த விதி. பெர்மிட்டை இணையத்தில் சில பவுண்டுக்கு வாங்கிவிடலாம். கொராவர் பக்கம் இந்தத் தொல்லை இல்லை.

கடைக்காரர் சட்டத்தைக் கேட்டுவிட்டு, "நல்ல சட்டம்" என்றார். அவல் பொட்டலங்களைப் பைக்குள் அடுக்கியபடி, "காணிக்காரன்ர பெடியளுக்கும் அது தெரிஞ்சிருக்க வேணுமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு கடலைமிட்டாய் கூடுதலாகப் போட்டு அனுப்பினார்.

எந்த மாதம் போவது என்பதை மழையோ குளிரோ தீர்மானிப்பதில்லை, ஒரு பூச்சி தீர்மானிக்கிறது. மிட்ஜ். பார்த்தால் மிளகுத்தூள் மாதிரி இருக்கும், கொசுவலைக்குள்ளும் புகுந்துவிடும். மே கடைசியில் கிளம்பி செப்டம்பர் வரை, காற்றில்லாத மப்பான காலையிலும் மாலையிலும் கூட்டம் கூட்டமாக வரும். கடிப்பவை எல்லாம் பெட்டைகள். காற்று மணிக்குப் பத்து பதினொரு கிலோமீட்டரைத் தாண்டி வீசினால் அவற்றால் பறக்க முடியாது. அதனால் டென்ட்டைக் குழிவான, பார்க்க அழகான, ஒதுக்குப்புறமான இடத்தில் போடாமல் கொஞ்சம் காற்று படும் மேட்டில் போட வேண்டும். தலைக்குப் போடும் பொடிவலை சில பவுண்டுதான். வாங்காதவர் ஜூலை மாதத்தில் புளி அவலோடு மிட்ஜும் சேர்த்துத் தின்பார். என் ஓட்டு மே முதல் பாதிக்கு. இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், பூச்சி எழுந்திருக்காது. மலையுச்சியில் பனி இருக்கலாம், பள்ளத்தாக்கில் இருக்காது. உண்ணிகள் மட்டும் அப்போதே தயாராக இருக்கும், புல்லில் நடந்துவிட்டு வந்து முழங்கால் மடிப்பைத் தடவிப் பாருங்கள்.

கொராவரில் ரயில் நின்றதும் இறங்குகிற கூட்டம் விரல்விட்டு எண்ணக் கூடியதுதான். ரயில் போனபின் பிளாட்பாரத்தில் சரளைக்கல், காற்று, தூரத்தில் மான்கள். பாதை ஸ்டேஷனில் இருந்தே தொடங்குகிறது. தண்டவாளத்துக்கு இணையாகக் கொஞ்ச தூரம், பிறகு இறங்கி ட்ரெய்க் ஏரியின் தென்முனை. அது ஏரி என்றாலும் அணை கட்டிய நீர்த்தேக்கம். ஃபோர்ட் வில்லியமில் உள்ள அலுமினிய ஆலைக்கு மின்சாரம் வேண்டும் என்று 1929இல் இதன் தண்ணீரை பென் நெவிஸ் மலைத்தொடருக்கு அடியில் ஏறக்குறைய 24 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டிக் கொண்டுபோனார்கள். நாம் இரண்டு நாள் மலைமேல் சுற்றி எந்த ஊருக்குப் போகிறோமோ, ஏரித் தண்ணீரும் அதே ஊருக்குக் காலடியில் போய்க்கொண்டிருக்கிறது. அது நம்மைவிட நேர்வழியில் சீக்கிரம் போய்விடும், அதற்கு ரயிலைப் பிடிக்கும் கவலையும் இல்லை.

ஏரிமுனையில் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய வீட்டைத் தாண்டி ராத் ஆற்றை எதிர்த்து மேலே நடக்க வேண்டும். பாதை என்று வரைபடம் சொல்லும். பல இடங்களில் கறுத்த கரம்பைச் சேறுதான். ஒரு கால் வைத்துப் பார்த்து, ஊன்றுகோலால் குத்திப் பார்த்து, அப்புறம் அடுத்த காலை எடுக்க வேண்டியிருக்கும். வழியில் ஆற்றின் இருபுறமும் ஸ்டோனெய்க், மேனக் என்று இரண்டு பாத்திகள் வரும். பாத்தி என்பது மலையில் நடப்பவர்கள் ஒதுங்கக் கல்லால் கட்டிய பழைய வீடு. பூட்டு இல்லை, கரண்ட் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, வாடகையும் இல்லை. 1965இல் தொடங்கிய மலைப் பாத்திகள் சங்கத்தின் தன்னார்வலர்கள் இப்படி நாடு முழுக்க வீடுகளைப் பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள். நான் டென்ட்டை விட்டுவிட்டுப் பாத்தியை மட்டும் நம்பிப் போவதில்லை, உள்ளே ஏற்கெனவே ஆள் நிறைந்திருக்கலாம். ஆனால் மழையில் நனைந்து வந்தவனுக்கு அதன் மரப்பலகை மேடை அரண்மனைக் கட்டில்தான்.

இந்த ஆற்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காலையில் கணுக்கால் நனைய நடந்து கடக்கிற இடம், நாலு மணி நேர மழைக்குப் பின் இடுப்பளவு பாயும். எதிர்க்கரையில் பாத்தி தெரிகிறதே என்று இறங்கக் கூடாது. மழை வலுக்கும் என்று மலை வானிலை அறிக்கை சொன்னால் ஏரிமுனையிலேயே முடிவெடுத்து வடக்கே திரும்பிவிட வேண்டும். லெய்ரிக் லேக்கக் கணவாய் வழியாக நடந்தால் ஸ்பீன் பிரிட்ஜ். அதுவும் இதே ரயில்பாதையில் உள்ள ஸ்டேஷன். திட்டம் போடும்போதே இந்த இரண்டாவது ஸ்டேஷனையும் அதன் ரயில் நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டால், மலையில் நின்று கவுரவம் பார்க்கத் தோன்றாது. எழுதி என்றால் தாளில். சிக்னல் எதிர்பார்க்க வேண்டாம். குறுஞ்செய்தியில் 999 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க முன்கூட்டியே போனைப் பதிவு செய்துகொள்ளலாம், பேச்சுக்குச் சிக்னல் போதாத இடத்தில் சில சமயம் செய்தி மட்டும் போய்ச்சேரும்.

மறுநாள் நீர்ப்பிரிமேட்டைக் கடந்து இறங்கினால் நெவிஸ் ஆறு. ஸ்டீல் அருவி 120 மீட்டர் உயரத்தில் இருந்து விழும் புல்வெளிக்கு வரும்போது எதிரே முதல் மனிதர்கள் தென்படுவார்கள், சுத்தமான சட்டையோடு, கையில் ஐஸ்கிரீமோடு கூட. கார் நிறுத்துமிடத்தில் இருந்து முக்கால் மணி நேரம் நடந்து வந்தவர்கள். "டேய், நம்ம மேல அவ்வளவு நாத்தமாடா அடிக்குது?" என்று நண்பன் மெதுவாகக் கேட்பான். அடிக்கும். அருவிக்குப் பின் பாறை இடுக்கு, பிறகு தார்ச்சாலை.

நாலைந்து நாள் கையில் உள்ளவர்களுக்கு இதே ரயில்பாதையின் தெற்குப் பகுதி இன்னும் வசதி. வெஸ்ட் ஹைலேண்ட் வே, 154 கிலோமீட்டர், 1980இல் திறந்த ஸ்காட்லாந்தின் முதல் அதிகாரபூர்வ நெடுநடைப் பாதை. கிளாஸ்கோ புறநகர் ரயில் போகும் மல்கையில் தொடங்கி ஃபோர்ட் வில்லியமில் முடிகிறது. முழுவதையும் நடக்க ஒரு வாரம் வேண்டும். வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ள ரயில் உதவும். கிரியன்லாரிக், டின்ட்ரம், பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி என்று பாதையைத் தொட்டுக்கொண்டே ஸ்டேஷன்கள். கிளாஸ்கோவில் ஏறும்போது எந்தப் பெட்டி என்று பார்த்து ஏறுங்கள், கிரியன்லாரிக்கில் ரயில் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி ஓபன் என்ற ஊருக்குப் போய்விடும். டின்ட்ரமைத் தாண்டியதும் ரயில் பள்ளத்தாக்கைச் சுற்றிக் குதிரைலாடம் போல ஒரு பெரிய வளைவு போடும். நேராகப் பெரிய பாலம் கட்டக் காசில்லாமல் மலையோரமாகச் சுற்றிவிட்டார்கள். நடக்கிறவர் அந்த வளைவுக்கு நடுவே போவதால், ஒரே ரயிலை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரையில் நடக்கும்போது ரயிலும் நெடுஞ்சாலையும் எதிர்க்கரையில் இருக்கும். முட்டி பிசகிவிட்டது, தொடர முடியாது என்றால்? ஏரியின் வடமுனைக்குப் பக்கத்தில் ஆர்ட்லீஷ் என்ற இடத்தில் ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். அதில் உள்ள பந்தைக் கயிறிழுத்து மேலே ஏற்றிவிட்டுக் காத்திருந்தால், கோடைக்காலத்தில் எதிர்க்கரை ஆர்ட்லுயியில் இருந்து படகு வரும். ஆர்ட்லுயியில் ஸ்டேஷன் உண்டு. போன் செயலிகளில் முங்கிக் கிடக்கும் காலத்தில் கொடிமரத்தில் பந்து ஏற்றிப் படகு கூப்பிடுவது எனக்கு அலாதி சந்தோஷம். முட்டி நன்றாக இருந்தாலும் ஏற்றலாம் போலிருக்கும், படகுக்காரர் பாவம்.

ரயில் ஏமாற்றினாலும் வழி உண்டு. மண்சரிவு, வேலைநிறுத்தம் என்று இந்த ஒற்றைத் தண்டவாளம் நின்றுபோவது நடப்பதுதான். அப்போது ஃபோர்ட் வில்லியமில் இருந்து க்ளென்கோ, டின்ட்ரம் வழியாக கிளாஸ்கோ போகும் சிட்டிலிங்க் பேருந்து கை கொடுக்கும். கோடையில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது கடினம். கிளாஸ்கோ வந்துவிட்டால் லண்டனுக்கு இரவுப் பேருந்து இருக்கவே இருக்கிறது, நம் ஆம்னி பஸ்ஸைவிடக் காலை நீட்ட இடம் குறைவு, வீடியோ கோச் இல்லை என்பது ஆறுதல்.

கார் இல்லாமல் சரிப்படாத மலைகளும் ஸ்காட்லாந்தில் இருக்கின்றன, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. வடமேற்கே டாரிடன், அசிண்ட் பக்கமெல்லாம் பேருந்து அபூர்வம். ஒரு நாளைப் பேருந்துக்காகவே பலி கொடுக்க வேண்டியிருக்கும். அங்கே போக ஆசைப்படுபவர்கள் லைசன்ஸ் வாங்குங்கள், என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரைக்கும் என் பட்டியலில் அடுத்தது நோய்டார்ட் தீபகற்பம். 1999இல் அந்தப் பகுதி மக்களே சேர்ந்து பழைய ஜமீன்தாரிப் பிடியில் இருந்து விலைக்கு வாங்கிய நிலம். பிரிட்டனின் பெருநிலத்தோடு ஒட்டித்தான் இருக்கிறது, ஆனாலும் வெளிச்சாலை எதுவும் உள்ளே போகவில்லை. மலை வழியே இரண்டு நாள் நடக்க வேண்டும், இல்லையென்றால் ரயில் முடியும் மாலெய்க்கில் இருந்து இன்வெரி கிராமத்துக்குப் படகு. எவ்வளவு விலையுயர்ந்த கார் வைத்திருப்பவரும் அந்தத் துறைமுகத்தில் அதை விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, நமக்குப் பின்னால் வரிசையில்தான் நிற்க வேண்டும்.